இருபத்தொன்பது அடி போதும்

"அம்மா, முதல்ல கீழ இறங்கு."

மிதவைப் பாலத்தில் ஓடி வந்துகொண்டே மகள் கத்தினாள். ஓட்டத்துக்கு ஏற்றபடி பாலம் ஆடியது. ஆபீஸ் செருப்பு பலகை இடுக்கில் மாட்டிக்கொள்ள, இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடினாள்.

அம்மா இறங்குவதாக இல்லை. சின்னப் படகின் பாய்மரத்தில், மூன்று மாடி உயரத்தில், ஒரு துணித் தொட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புக் கம்பிகளில் எங்காவது இழை விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஒரு கருப்புக் கண்ணாடி கயிறு கட்டித் தொங்கியது.

"கத்தாதடி. கயிறு அப்பா கையில இருக்கு. உன் சத்தத்துல பயந்து அவர் விட்டுட்டாருன்னா, நீ வந்த வேலை சுலபமா முடிஞ்சிடும்."

கீழே அப்பா உருளையில் சுற்றிய கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"பேச்சுக் குடுக்காத பாப்பா. சிஸ்டர் டியூட்டியில இருக்காங்க."

கட்டின மனைவியை சிஸ்டர் என்று கூப்பிடும் மனிதர் ஊரில் இவர் ஒருவர்தான். அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவர் அவள் வேலைக்குப் போய்வந்த பஸ்ஸின் டிரைவர். "ஆஸ்பத்திரியில நிறுத்துங்க டிரைவரே" என்று அவளும், "ஆகட்டும் சிஸ்டர்" என்று அவரும் ஆரம்பித்தது, கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, இருவரும் ரிட்டயர் ஆன பிறகும் மாறவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில்கூட அப்படிக் கூப்பிட்டு மகளின் மானத்தை வாங்கியிருக்கிறார்கள்.

"டிரைவரே, பை வருது."

ஸ்பேனர், எண்ணெய் டப்பா எல்லாம் போட்ட துணிப்பை ஒரு நூல்கயிற்றில் மேலிருந்து இறங்கியது. அப்பா அண்ணாந்து பார்த்தார். பை அவருடைய இடது தோள் பக்கமாக வந்து, காதில் ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றது. பக்கத்துப் படகில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். அப்பாவும் காதைத் தடவிக்கொண்டே சிரித்தார். மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மேலே இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அம்மா அந்தக் குண்டைப் போட்டாள். இனி வீட்டில் இருப்பதாக உத்தேசம் இல்லை. பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, அதிலேயே குடியிருந்து, கரை கரையாகப் போகப் போகிறார்கள். வாரக் கடைசிகளில் இருவரும் துறைமுகத்துப் பாய்மரப் பள்ளிக்குப் போவதை உடற்பயிற்சி என்று நினைத்திருந்த குடும்பம், வாயில் வைத்த கவளத்தை மறந்தது. சித்தப்பா மூச்சுத் திணறினார். அத்தை அழுதாள். தம்பி வெளிநாட்டிலிருந்து போனில் கத்தினான். கடைசியில் மூவரும் சேர்ந்து மகளைத் தூது அனுப்பினார்கள். விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். எது எது எப்படி எப்படி உடையும் என்று தெரிந்தவள். அவள் சொன்னால் கேட்பார்கள்.

கேட்கிற ஆளா அம்மா?

தொட்டில் கீழே வந்ததும் கால் ஊன்றி நின்று, கட்டுகளை அவிழ்த்தாள்.

"சொல்லு. யார் யார் என்னென்ன சொல்லி அனுப்பினாங்க? ஒண்ணு விடாம சொல்லிடு. சாயங்காலத்துக்குள்ள புரோக்கருக்குப் பதில் சொல்லணும், நேரம் இல்ல."

மகள் சொன்னாள். வயது, முழங்கால், புயல், டாக்டர் இல்லாத தீவு, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது வரை.

அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"நீ கல்யாணமே வேண்டாம்னு சொன்னப்பவும் இதே நாலு பேர்தான் பேசினாங்க. இதே அத்தைதான் அழுதா. அன்னைக்கு உன் பக்கம் யாருடி நின்னது?"

இது ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே துருப்புச் சீட்டை இறக்குவது. அம்மா எப்போதும் இப்படித்தான்.

"போகலாமா வேண்டாமாங்கிற பேச்சு முடிஞ்சுபோச்சு. எதுல போறதுங்கிறதுதான் மிச்சம்," என்றாள் அம்மா.

அதில்தான் வீடு இரண்டாகியிருந்தது.

பாலத்தின் ஒரு பக்கம் பெரியது. நாற்பத்திரண்டு அடி, நீல உடம்பு, வயது குறைவு. எதிரே சின்னது. இருபத்தொன்பது அடி, வெளுத்துப்போன வெள்ளை, மகளைவிட மூத்தது. "எனக்குப் பெரிய வீடு, சிஸ்டருக்குச் சின்ன வீடு" என்று அப்பா துறை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். "இத்தனை வருஷத்துல இப்பதான் ஒரு சின்ன வீடு கேக்குறேன். அதுவும் எனக்கு" என்று அம்மா திருப்பிக் கொடுத்ததையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

பெரியதில் நிமிர்ந்து நடக்கலாம். வெந்நீர்க் குழாய், ஃப்ரிட்ஜ், கார் மாதிரி வட்ட ஸ்டியரிங். பட்டனை அமுக்கினால் நங்கூரம் தானாக மேலே வரும். சின்னதில் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். ஒற்றை அடுப்பு, ஐஸ் பெட்டி. ஸ்டியரிங் இல்லை, சுக்கானோடு சேர்ந்த ஒரு நீளக் கட்டை. நங்கூரம் வேண்டுமானால் கையால் இழுக்க வேண்டும்.

யார் கேட்டாலும் பெரியதைத்தான் சொல்வார்கள். ஆனால் அம்மா ஒரு விதி வைத்திருந்தாள்.

எந்தப் படகாக இருந்தாலும், இருவரில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ஒற்றை ஆளாகப் பாய் ஏற்ற வேண்டும், நங்கூரம் போட்டு எடுக்க வேண்டும், திரும்பி வந்து துறையில் கட்ட வேண்டும். படுத்தவர் சுட்டுவிரலைக்கூட அசைக்கக் கூடாது. இரண்டு பேருமே தேறினால்தான் அந்தப் படகு. தியேட்டரில் ஒரு சர்ஜன் மயங்கி விழுந்தால் அடுத்தவர் கத்தியை எடுப்பதில்லையா, அதுபோல என்றாள்.

நேற்று பெரியதில் பரீட்சை. அப்பா முதலில் ஓட்டினார். பஸ் ஓட்டிய கை. வலது பக்கத்தைப் பாலத்தோடு ஒட்டி அழகாகக் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு அம்மா. கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் இடது பக்கமா கட்டுறேன்" என்று வந்தவள், பாலத்தின் மூலையில் இடித்தாள். நீல உடம்பில் கை நீளத்துக்கு வெள்ளைக் கோடு. பிறகு கடுப்பில் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, "இப்ப நங்கூரத்தை எடுங்க பாக்கலாம்" என்று அப்பாவிடம் சவால் விட்டாள். அவர் இழுத்தார். சங்கிலி அசையக்கூட இல்லை. அதிலிருந்து இருவருக்கும் முறைப்பு.

இதை எல்லாம் மகளுக்கு விவரமாகச் சொன்னவர் புரோக்கர். தொப்பியும் சாவிக்கொத்துமாக வந்து, வெள்ளைக் கோட்டை இழவு வீட்டுக்கு வந்தவர்போலத் தடவிக் காட்டினார். பெரியதைக் கேட்டு வேறொரு பார்ட்டி நாளைக் காலையில் வருகிறதாம்.

"அம்மாவுக்குப் பெரிய வண்டி கைக்கு அடங்கல. அதுக்காகச் சின்னதைக் கேட்டா எப்படி? அது பசங்க பிக்னிக் போற படகும்மா."

"எங்க ஆஸ்பத்திரியில இருந்ததிலேயே பெரிய டாக்டர் நாலரை அடி," என்றாள் அம்மா. "அந்தம்மா கையில பொழைச்சவங்க யாரும் அளவு கேக்கல. உங்க பெரியதுல ரெண்டு டாய்லெட் இருக்கு. ரெண்டும் அடைச்சுக்கும். நடுக்கடல்ல பாய் கிழிஞ்சா அந்த எடையைத் தூக்க நாலு ஆள் வேணும். இதுல நான் ஒருத்தி மடியில போட்டுத் தைப்பேன்."

"இடிச்சது யாருங்க?" என்றார் புரோக்கர்.

அம்மா வாயை மூடிக்கொண்டாள். மகளுக்கு ஆச்சரியம். ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு பேசுகிறவள், அந்தக் கோட்டைப் பற்றி மட்டும் யார் கிண்டல் செய்தாலும் சும்மா இருந்தாள்.

அம்மா சின்னதில் பாய் கட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா மகளைப் பெரியதுக்குள் கூட்டிப்போனார். இறங்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது. "இந்தப் படகுக்கு என்மேல ஆசை" என்று சொல்லிக்கொண்டே முன்பக்கம் போய் ஒரு குட்டிக் கதவைத் திறந்தார்.

சின்ன அறை. முக்கோண வடிவப் படுக்கை. தலைக்கு மேல் ஒரு கண்ணாடிச் சன்னல், அதில் வானம் மட்டும். படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தது. வாங்காத படகில் விரிப்பு வாங்கிப் போட்டிருக்கிறார்.

"இது உனக்கு," என்றார். "மூணு வருஷமா லீவே எடுக்காம அடுத்தவன் ஆக்சிடென்ட்டைப் பார்த்துக்கிட்டு இருக்க. எங்க கூட ஒரு மாசம் வா. சின்னதுல உனக்குப் படுக்க இடம் இல்ல பாப்பா. அதான் நான் பெரியதுக்கு ஒத்தக்கால்ல நிக்கிறேன். சிஸ்டர்கிட்ட சொல்லிடாத, கேலி பண்ணுவா."

தடுக்க வந்தவள் அந்தப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சன்னல் வழியாக ஒரு பறவை குறுக்கே போனது. எழுந்திருக்க அவளுக்கு மனசே வரவில்லை.

சின்னதில் அம்மாவின் முறை வந்தது. அப்பாவும் மகளும் பின்பக்கப் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுக்கான் கட்டையைப் பிடித்த அம்மா கருப்புக் கண்ணாடியை மாட்டினாள்.

"வெயிலே இல்லயேம்மா," என்றாள் மகள்.

"ஸ்டைலு."

படகு துறையை விட்டு வெளியே வந்ததும் காற்று சரேலென்று பிடித்தது. அம்மா கட்டையை இடுப்பால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தாள். பாய் ஏறியது. படகு ஒருபக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. மகள் பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். கத்தப் போனவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டில் யாருக்கும் காட்டாமல் இத்தனை வருஷம் அதை எங்கே வைத்திருந்தாள்?

ஒன்று மட்டும் வேடிக்கையாக இருந்தது. அம்மா நிமிஷத்துக்கொரு தரம் கழுத்தை இடது பக்கம் முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன சிஸ்டர், ஆந்தை மாதிரி?" என்றார் அப்பா.

"கழுத்துக்குப் பயிற்சி."

ஒதுக்கமான ஓரிடத்தில் நங்கூரம் போட்டாள். சங்கிலியைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துத் தானே எடுத்தாள். மூச்சு வாங்கியது. உதவப் போன மகளை ஒரு முறைப்பில் உட்கார வைத்தாள்.

"நான் காய்ச்சல்ல படுத்திருக்கேன் பாப்பா, என்னைக் கேக்காத," என்று அப்பா கண்ணை மூடிக் காட்டினார்.

திரும்பி வரும் வழியில், துறை வாசலில், அம்மா அவரைக் கேட்டாள். "டிரைவரே, காய்ச்சல்காரர் கண்ணைத் திறந்து பார்க்கலாம். இடது பக்கம் ஏதாவது வருதா?"

அப்பா பார்த்தார். "ஒண்ணும் இல்ல. போ."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. இடது பக்கம், கல்சுவர் ஓரமாக, துடுப்புப் படகு ஒன்று வந்துகொண்டிருந்தது. மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா கழுத்தைத் திருப்பி, பார்த்து, கட்டையைத் தள்ளியிருந்தாள். துடுப்புக்காரர் கையைத் தூக்கி நன்றி சொல்லிப் போனார். அப்பா, அந்த ஆள் முன்னால் வந்து தெரிந்த பிறகுதான் திடுக்கிட்டார்.

அப்பா விளையாடுகிறார் என்று மகள் நினைத்தாள்.

அம்மா எஞ்சினைப் போடவே இல்லை. பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, வேகத்தைக் கொன்று, இடது பக்கமாகப் பாலத்தை நோக்கி வந்தாள். படகு பூனை மாதிரி வந்து ரப்பர் உருளையில் உரசி நின்றது. அம்மா காலால் ஒரு உந்து கொடுத்து இடைவெளியைச் சரிசெய்து, கயிற்றோடு பாலத்தில் இறங்கினாள்.

புரோக்கர் காத்திருந்தார். "சொல்லுங்க. எது?"

"பெரியது," என்றார் அப்பா.

"சின்னது," என்றாள் அம்மா. "இல்லேன்னா எதுவும் இல்ல. பெரியதுல நான் கால் வைக்க மாட்டேன்."

மகளுக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் புது விரிப்பு கண்முன் வந்தது.

"உன்னால முடியலேன்னா யாருக்கும் கூடாதா? நேத்து இடிச்சது உன் ரோஷத்தைச் சுட்டுடுச்சு, அதான். அப்பா ஏன் பெரியது கேக்குறார்னு ஒரு தடவையாவது நெனச்சுப் பார்த்தியா? காய்ச்சல்ல படுத்துட்டா, தனியா, தனியான்னு ஒரு விதி. நீ அவரோட போறியா, அவர் இல்லாம போகப் பழகுறியா?"

கேட்ட பிறகுதான் எவ்வளவு பெரிய கேள்வி என்று அவளுக்கே உறைத்தது. அம்மா முன்கயிற்றைக் கட்ட நடந்தாள்.

மகள் விடவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"நீங்க பெரியதை வாங்குங்கப்பா. அம்மா வரலேன்னா நான் வரேன். இன்னைக்கே லீவு போடுறேன். முதல் பயணம் நானும் நீங்களும். அந்த ரூம் என்னுது."

புரோக்கர் முகம் மலர்ந்தது. அப்பா முகம் மலரவில்லை. மகள் பெரியதின் படியில் ஒரு கால் வைத்தாள்.

"ஏறாத பாப்பா."

"ஏன்?"

அப்பா சின்னதிலிருந்து இறங்கிவந்து பாலத்தில் நின்றார். புரோக்கரைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எத்தனையோ வருஷம் பஸ் ஓட்டினேன். நம்பி ஏறினவங்களுக்குப் பொய் சொல்லி வண்டியை எடுத்ததில்ல. உன்னை வச்சா ஆரம்பிக்கப் போறேன்? முதுகு வலின்னு சொல்லித்தானே வேலையை விட்டேன்? முதுகு கல்லு மாதிரி இருக்கு. கண்ணு டெஸ்ட்ல தேறல. இடது கண்ணு போயிடுச்சும்மா. நரம்பு செத்துப்போச்சாம். வலது நல்லா இருக்கு, அதை வச்சு நூறு வயசு வரைக்கும் பார்க்கலாம்னாரு டாக்டர். பஸ்தான் தர முடியாதுன்னுட்டாங்க."

மகளின் கால் படியிலிருந்து இறங்கியது. காதில் தட்டிய பை. கதவு நிலை. துடுப்புப் படகு.

"ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? சித்தப்பா வருவான், அத்தை வருவா, எல்லாருமா சேர்ந்து என்னை ஒரு நாற்காலியில உட்கார வச்சுடுவீங்க. உக்கார மாட்டேன் பாப்பா. ஒத்தக் கண்ணோட போறேன். போகத்தான் போறேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா எனக்காக அவ இந்த ஆசையையே குழி தோண்டிப் புதைச்சுடுவா."

மகளின் பார்வை அவரைத் தாண்டிப் போனது. அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, முன்கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு வந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். அவருக்குத் தெரியவில்லை.

"டிரைவரே," என்றாள்.

அப்பா கழுத்தை முழுசாகத் திருப்பினார். முகம் வெளுத்துப்போனது.

அம்மா அழவில்லை, கோபப்படவும் இல்லை. சின்னதின் சுக்கான் கட்டையைச் சுட்டிக் காட்டினாள்.

"விதி விதிதான். இதுல உங்க முறை இன்னும் பாக்கி இருக்கு. போய்ப் பிடிங்க. இடது பக்கமா கொண்டுவந்து கட்டணும். வலது பக்கம் வந்து ஏமாத்துற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம்."

"சிஸ்டர், நான் சொன்னது கேட்டுச்சுல்ல? என்னால..."

"முடியும். பார்த்துட்டேன்."

அவள் கருப்புக் கண்ணாடியைக் கழற்றி மகளிடம் நீட்டினாள். போட்டுப் பார் என்று தலையை ஆட்டினாள்.

மகள் மாட்டிக்கொண்டாள். வலது பக்கம் துறை தெரிந்தது, படகுகள் தெரிந்தன, வாயைப் பிளந்து நிற்கும் புரோக்கர் தெரிந்தார். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. இருட்டு. பதறிப்போய்க் கழற்றித் திருப்பினாள்.

இடது கண்ணாடியின் உள்பக்கம், ஒரு பிசிறு இல்லாமல் வட்டமாக வெட்டி, இரண்டு அடுக்காக ஒட்டியிருந்தது ஆஸ்பத்திரி பிளாஸ்திரி.

"நேத்து பெரியதை இடிச்சது நான் இல்ல, டிரைவரே. நீங்க," என்றாள் அம்மா. "இன்னைக்கு இதை அலுங்காம கொண்டுவந்து கட்டினதும் நீங்கதான்."